விளக்கை அணைத்தால் விழித்திரைக்குச் செலவு கூடும்

இரவு பதினொரு மணிக்குப் போனைக் கீழே வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, "சரி, கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுப்போம்" என்று படுக்கிறோம். இமைக்கு ஓய்வுதான். கண்ணை அங்கும் இங்கும் திருப்பும் தசைகளுக்கும் ஓரளவு ஓய்வுதான். ஆனால் கண்ணின் பின்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் விழித்திரைக்கு அப்போதுதான் செலவு உச்சத்துக்குப் போகிறது.

விழித்திரையின் கனம் கால் மில்லிமீட்டர் சொச்சம்தான். அதில் மங்கல் வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சி செல்கள் 9 முதல் 12 கோடி வரை இருக்கின்றன. நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டும் கூம்பு செல்கள் 60 லட்சத்துக்குள். ஒரு குச்சி செல்லை எடுத்துக்கொள்வோம். அதன் சவ்வில் உள்ள சிறு வாசல்கள் இருட்டில் திறந்தே கிடக்கும். சோடியம் அயனிகள் அவற்றின் வழியே உள்ளே கொட்டிக்கொண்டே இருக்கும். வருவதை எல்லாம் வெளியே இறைக்க இன்னொரு பக்கம் பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டைப் படகில் உட்கார்ந்து தண்ணீரை இறைக்கிற கதைதான். வெளிச்சம் பட்டால் வாசல்கள் மூடிக்கொள்ளும், பம்புக்கு வேலை குறையும். அதாவது, வெளிச்சம் வந்ததும் "வந்துவிட்டது" என்று கத்துகிற செல் அல்ல இது. இருட்டில் விடாமல் கத்திக்கொண்டிருந்துவிட்டு, வெளிச்சம் பட்டதும் வாயை மூடுகிற செல்.

இந்தக் கத்தலுக்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஏடிபி என்பது செல்லுக்குள் புழங்கும் சில்லறைக் காசு. எந்த வேலைக்கும் அதைத்தான் எண்ணி வைக்க வேண்டும். 2008-இல் வெளியான ஒரு கணக்கின்படி, இருட்டில் பாலூட்டியின் ஒரே ஒரு குச்சி செல் வினாடிக்குச் சுமார் 10 கோடி ஏடிபியைச் செலவழிக்கிறது. பளிச்சென்ற பகலில் இது கால்வாசிக்கும் கீழே இறங்கிவிடும். ஏன் இப்படி ஊதாரித்தனமாக ஓர் உறுப்பு அமைந்தது என்று கேட்கத் தோன்றும். ஒளியின் ஒரே ஒரு துகள் வந்து விழுந்தாலும் கண்டுபிடிக்கிற நுட்பம் குச்சி செல்லுக்கு இருக்கிறது. அதற்கான விலை இது என்றுதான் எனக்குப் படுகிறது.

செலவு இதோடு முடியவில்லை. குச்சி செல்லின் வெளிக்கூறு, அடுக்கி வைத்த தட்டுகள் போல ஏறக்குறைய ஆயிரம் மென்தகடுகளால் ஆனது. ஒளியைப் பிடிக்கும் நிறமி இந்தத் தகடுகளில்தான் இருக்கிறது. எளிதில் ஆக்சிஜனால் கெட்டுப்போகிற கொழுப்பால் ஆனவை இவை. போதாததற்கு நாள் முழுக்க வெளிச்சம் வேறு. எண்ணெய்ப் பலகாரத்தைத் திறந்த டப்பாவில் வெயிலில் வைத்தால் சிக்கு வாடை அடிக்குமே, அதே வேதியியல் இங்கேயும் நடக்கக் காத்திருக்கிறது. அதற்கு விழித்திரை கண்டுபிடித்த வழி, கெடுவதற்குள் மாற்றிவிடுவது. தினமும் அடியில் புதுத் தகடுகள் உருவாகும், நுனியில் பழையவை உதிரும். நாளைக்குப் பத்தில் ஒரு பங்கு. ஆக, பத்து நாளில் மொத்த அடுக்கும் புதுசு. 1960-களில் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் யங் கதிரியக்க அமினோ அமிலத்தை விலங்குகளுக்குச் செலுத்தி, அது ஒரு பட்டையாக அடியிலிருந்து நுனியை நோக்கி நாளுக்கு நாள் நகர்வதைப் படமாகவே பிடித்துக் காட்டினார். குச்சி செல்களில் இந்த உதிர்வு காலையில் வெளிச்சம் வந்த சிறிது நேரத்தில்தான் அதிகம் நடக்கிறது. நாம் பல் தேய்க்கிற நேரத்தில் அங்கே வாசல் பெருக்கும் வேலை நடக்கிறது.

ஆங்கிலத்தில் மெட்டபாலிசம் என்று சொல்வதைத் தமிழில் வளர்சிதை மாற்றம் என்கிறோம். பள்ளியில் படித்தபோது வாயில் நுழையாத கலைச்சொல்லாகத் தெரிந்தது. விழித்திரைக்கு வந்தால் அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஒரு பக்கம் வளர்கிறது, மறுபக்கம் சிதைகிறது. இரண்டும் அன்றாடம் சரியாக நடந்தால்தான் பார்வை.

இவ்வளவு செலவுக்கு வருமானம் எங்கிருந்து? இங்கேதான் ஒரு பழைய புதிர் வருகிறது. 1920-களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க் பல திசுக்களை எடுத்து, அவை குளுக்கோஸை என்ன செய்கின்றன என்று அளந்துகொண்டிருந்தார். சாதாரணமாக ஆக்சிஜன் தாராளமாக இருந்தால் செல்கள் குளுக்கோஸைத் தங்கள் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்கு அனுப்பி முழுசாக எரிக்கும். ஒரு குளுக்கோஸுக்கு முப்பது ஏடிபி போலக் கிடைக்கும். ஆக்சிஜன் இல்லாதபோதுதான் பாதியில் நிறுத்தி லாக்டேட்டாக்கிவிட்டு, இரண்டே இரண்டு ஏடிபியோடு திருப்திப்படும். புற்றுநோய்க் கட்டிகள் மட்டும் ஆக்சிஜன் இருக்கும்போதும் இந்த நஷ்ட வியாபாரத்தைச் செய்வதை வார்பர்க் பார்த்தார். அது இன்று அவர் பெயராலேயே அறியப்படுகிறது. பலரும் மறந்துவிடுவது, அதே பழக்கம் ஆரோக்கியமான விழித்திரையிலும் இருப்பதை அவர் கண்டார் என்பது. ஒளியைப் பிடிக்கும் செல்கள் எடுக்கும் குளுக்கோஸில் 80 சதவீதத்துக்கும் மேல் லாக்டேட்டாகத்தான் வெளியே போகிறது.

பசி மிகுந்த ஒரு திசு ஏன் சோற்றைப் பாதி தின்றுவிட்டு இலையை மூடுகிறது? பல பத்தாண்டுகள் இதற்கு நல்ல பதில் இல்லை. இப்போது சொல்லப்படும் விளக்கம் தகடுகளிடம் திரும்பிப் போகிறது. குளுக்கோஸ் வெறும் விறகல்ல, கட்டுமானச் சாமானும்கூட. வீடு கட்டுகிறவர் மரத்தை எல்லாம் அடுப்பில் வைத்துவிட்டால் கதவு நிலைக்கு என்ன செய்வார்? புற்றுக்கட்டி ஓயாமல் புது செல் கட்டுகிறது. விழித்திரை ஓயாமல் புதுத் தகடு கட்டுகிறது. இரண்டுக்கும் குளுக்கோஸைப் பாதி வழியில் மடக்கி, கொழுப்புக்கும் மற்றவற்றுக்கும் திருப்பிவிடுவது தேவைப்படுகிறது. போதாததற்கு, ஒளி பட்டு உருமாறிய வைட்டமின் ஏ மூலக்கூறைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பாதையின் முதல் படிக்கே, குளுக்கோஸின் ஒரு கிளைப் பாதையில் உருவாகும் துணைப்பொருள் வேண்டும். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வைட்டமின் வேலை செய்யவே சர்க்கரை வேண்டும் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அதற்காக மைட்டோகாண்ட்ரியா அங்கே சும்மா இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. சில மாதங்களுக்கு முன் கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். தாடையை ஸ்டாண்டில் வைத்து, உள்ளே தெரியும் பச்சைப் புள்ளியை அசையாமல் பார்க்கச் சொன்னார்கள். சில வினாடிகளில் ஓசிடி ஸ்கேன் முடிந்தது. திரையில் என் விழித்திரை, வெட்டி வைத்த கேக் மாதிரி அடுக்கு அடுக்காக. கீழ்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடு பளிச்சென்று ஓடியது. "இந்தக் கோடு அறுந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம் சார்" என்றார் ஸ்கேன் எடுத்தவர். வீட்டுக்கு வந்து படித்தபோது தெரிந்தது: ஒளி செல்களின் இடுப்பில் நெருக்கியடித்துக் கிடக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள்தான் ஸ்கேனில் அந்தக் கோடாகத் தெரிகின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ஒரு செல்லின் மின்நிலையத்தை, ஊசி போடாமல் கத்தி வைக்காமல், உயிருள்ள மனிதனில் இப்படி வரிசையாகப் பார்க்க முடிகிற இடம் வேறு எது என்று யோசித்தேன். எதுவும் தோன்றவில்லை.

சரி, வெளியே தள்ளப்படும் அந்த லாக்டேட் எங்கே போகிறது? ஒளி செல்களுக்குப் பின்னால் ஒற்றை வரிசையாக நிறமி செல்களின் அடுக்கு ஒன்று இருக்கிறது. அதற்கும் பின்னால் கோராய்டு என்ற ரத்தநாளப் படலம். எடைக்கு எடை பார்த்தால் உடலிலேயே மிக அதிக ரத்தம் ஓடும் திசுக்களில் அது ஒன்று. ஒளி செல்களுக்குள் ரத்தக்குழாய் கிடையாது. கோராய்டிலிருந்து குளுக்கோஸ் வர வேண்டுமானால் நிறமி அடுக்கைத் தாண்டித்தான் வர வேண்டும். அதாவது நிறமி செல் பந்தியில் பரிமாறுகிறவர். தன் கை வழியாகப் போகும் சோற்றைத் தான் தொடாமல் இலைக்குச் சேர்க்க வேண்டும். ஆனால் அவருக்கும் வயிறு உண்டே. ஒளி செல்கள் வெளியே விடும் லாக்டேட்டையும், தினமும் காலையில் உதிரும் தகடுகளின் கொழுப்பையும் அவர் உண்கிறார். லாக்டேட் வந்துகொண்டிருக்கும்வரை அவர் குளுக்கோஸில் கை வைப்பதில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஹர்லியின் குழு 2017-இல் இந்தக் கொடுக்கல் வாங்கலை விவரித்தபோது, கண்ணுக்குள் ஒரு சூழலமைப்பே இயங்குவதாகச் சொன்னது. வார்பர்க்குக்கு வீணாகத் தெரிந்தது பக்கத்து வீட்டுக்குச் சாப்பாடு.

பரிமாறுகிறவரே இலை போட்டு உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எலிகளில் பார்த்திருக்கிறார்கள். நிறமி செல்லின் மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் செயலிழக்க வைத்தார்கள். கொழுப்பையும் லாக்டேட்டையும் எரிக்க முடியாமல் அது குளுக்கோஸுக்குத் தாவியது. ஒளி செல்களில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் அவை தேய ஆரம்பித்தன. வயதானவர்களுக்கு நடுப் பார்வை மங்கும் மாகுலர் சிதைவிலும் இந்த நிறமி அடுக்குதான் முதலில் தடுமாறும் இடங்களில் ஒன்று என்பதால், இது எலிகளோடு முடிகிற சங்கதி என்று தோன்றவில்லை.

மைட்டோகாண்ட்ரியாவின் பங்கை மிகக் கொடூரமாகக் காட்டுவது மெத்தனால். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பிழைத்தவர்களிலும் பார்வை பறிபோனவர்கள் இருந்தார்கள். குடித்தது வயிற்றுக்குள் போனது, கண் ஏன் போக வேண்டும்? மெத்தனாலைக் கல்லீரல் முதலில் ஃபார்மால்டிஹைடாக்கி, அப்புறம் ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. எறும்புக் கடியில் இருக்கும் அதே அமிலம். மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜன் கடைசியாக வந்து சேரும் நொதியை அது முடக்கிவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், பயன்படுத்தத்தான் முடியாது. விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் பத்து லட்சம் சொச்சம் நரம்பிழைகள், கண்ணைவிட்டு வெளியேறும்வரை மேலுறை இல்லாமல்தான் ஓடுகின்றன. உறை இல்லாத கம்பியில் செய்தி அனுப்ப ஏடிபி அதிகம் வேண்டும். அதனால் அந்தப் பகுதியில் மைட்டோகாண்ட்ரியாக்கள் குவிந்திருக்கும். அடி விழுவதும் அங்கேதான். பனி பெய்வது போல எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது என்று நோயாளிகள் சொல்வார்கள். குடித்த உடனே இது வருவதில்லை, பெரும்பாலும் அரை நாளோ ஒரு நாளோ கழித்துதான். கல்லீரல் தன் வேலையைச் செய்து முடிக்க அவ்வளவு நேரம் ஆகிறது. அந்த இடைவெளியில்தான் விஷமுறிவு மருந்துக்கு வாய்ப்பே இருக்கிறது. ஃபோமிபிசோல், இல்லாவிட்டால் மருத்துவமனையில் அளந்து கொடுக்கும் எத்தனால், அந்த மாற்றத்தைத் தடுத்து நிறுத்தும்.

அதே நரம்பிழைகளைப் பரம்பரையாகவே தாக்கும் நோயும் இருக்கிறது. லீபர் பார்வை நரம்பு நோயில், தாய் வழியே வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். 1988-இல் அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் இளம் ஆண்கள், சில வாரங்களிலேயே ஒரு கண், அப்புறம் மறு கண். உடலெங்கும் அதே பழுது இருந்தும் முதலில் கைவிரிப்பது இந்த நரம்பிழைகள்தான்.

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு கூம்பு செல்களைப் பற்றியது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோய் உலகில் நாலாயிரத்தில் ஒருவருக்கு வருகிறது. முதலில் இரவுப் பார்வை போகும். சினிமா தியேட்டருக்குள் நுழைந்தால் மற்றவர்களுக்குச் சற்று நேரத்தில் சீட் தெரியும், இவர்களுக்குத் தெரியாது. பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பது போலாகும். கடைசியில் நடுப்பார்வையும் போய்விடும். பல குடும்பங்களில் பழுதான மரபணு குச்சி செல்லில் மட்டும்தான் வேலை செய்கிறது. குச்சிகள் சாவது புரிகிறது. ஒரு குறையும் இல்லாத கூம்புகள் ஏன் பின்னாலேயே போகின்றன? மனிதனுக்கு வாசிக்கவும் முகம் பார்க்கவும் கூம்புகள்தான் தேவை. குச்சிகள் மட்டும் போயிருந்தால் இரவில் டார்ச் வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம்.

2009-இல் ஹார்வர்டில் கான்ஸ்டன்ஸ் செப்கோவின் ஆய்வகம் இந்த நோயுள்ள எலிகளின் கூம்புகளைப் பார்த்தபோது, அவை பட்டினி கிடக்கும் செல்களைப் போலத் தங்களையே தின்றுகொண்டிருந்தன. எலிகளுக்கு இன்சுலின் கொடுத்ததில் கூம்புகள் கொஞ்ச காலம் கூடத் தாக்குப்பிடித்தன. பாரிஸில் ஜோசே-அலன் சாஹேல், தியரி லெவெய்யார் இருவரின் குழு வேறு முனையிலிருந்து வந்தது. குச்சி செல்கள் ஒரு புரதத்தை வெளியிடுகின்றன, அது இருந்தால் கூம்புகள் பிழைக்கின்றன என்று 2004-இல் காட்டினார்கள். அந்தப் புரதம் என்ன செய்கிறது என்று தெரிய இன்னும் பதினோரு ஆண்டுகள் ஆயின. 2015-இல் விடை வந்தது: கூம்பின் சவ்வில் உள்ள குளுக்கோஸ் வாசலை அது இன்னும் அகலமாகத் திறக்கிறது. அவ்வளவுதான். குச்சி இருக்கும்வரை கூம்புக்குச் சோறு.

குச்சிகள் செத்துவிட்டால் கூம்புகளுக்கு அடி இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. வாசலைத் திறக்கிற புரதம் இல்லை. குச்சிகள் தந்துகொண்டிருந்த லாக்டேட்டும் இல்லாததால் நிறமி செல் குளுக்கோஸைத் தன்னிடமே பிடித்துவைத்துக்கொள்கிறது. இதில் ஒரு நம்பிக்கையும் ஒளிந்திருக்கிறது. இந்த நோய்க்குக் காரணமான மரபணுக்கள் பல டஜன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மரபணு சிகிச்சை செய்வதென்றால் எப்போது முடியும்? 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லக்ஸ்டர்னா, ஆர்பிஇ65 என்ற ஒரே மரபணு பழுதான, மிகச் சிலருக்குத்தான் உதவும். கூம்புக்குச் சோறு போடும் வழி கிடைத்தால், எந்த மரபணு பழுதானது என்று பார்க்க வேண்டியதே இல்லை. எலியிலிருந்து மனிதனுக்கு வருவது நீண்ட பாதைதான். ஆனாலும் என் காசை வைக்கச் சொன்னால் இந்தப் பக்கம்தான் வைப்பேன்.

மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. லூட்டின், சியாக்சாந்தின், துத்தநாகம், வைட்டமின் சி, ஈ கலந்த மாத்திரை மருந்துக்கடையில் "கண்ணுக்கு நல்லது" என்று கிடைக்கிறது. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வுகள் இரண்டு, 2001-லும் 2013-லும் வெளியானவை, இதன் அடிப்படை. நடுத்தர நிலை மாகுலர் சிதைவு ஏற்கெனவே இருப்பவர்களுக்கு, அது முற்றுகிற வாய்ப்பை ஐந்தாண்டுகளில் கால்வாசி குறைக்கிறது. நோயே இல்லாதவர் தின்றால் நோய் வராது என்று அந்த ஆய்வுகள் சொல்லவில்லை. கேரட்டும் அப்படித்தான், வைட்டமின் ஏ குறைபாடு உள்ளவருக்கு அது மருந்து, மற்றவருக்குக் காய்கறி.

கடைசியாக, சர்க்கரை நோய். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறது என்று ஐசிஎம்ஆரும் சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் நடத்திய ஆய்வு 2023-இல் சொன்னது. தசை செல்லின் குளுக்கோஸ் வாசலை இன்சுலின் திறக்கும். விழித்திரையின் வாசல் இன்சுலினுக்காகக் காத்திருப்பதில்லை, எப்போதும் திறந்திருக்கும். ரத்தத்தில் எவ்வளவு ஏறினாலும் அந்த அளவுக்கு உள்ளே வந்துகொண்டே இருக்கும். பட்டினி கெடுப்பதைப் போலவே இந்தத் திகட்டலும் கெடுக்கிறது. மிஞ்சிய சர்க்கரை தேவையில்லாத பாதைகளில் வழிந்து, நுண்குழாய்களைச் சுற்றித் தாங்கும் செல்கள் சாக, குழாய்கள் கசிகின்றன, அடைபடுகின்றன. 1993-இல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வில், முதல் வகை சர்க்கரை நோயாளிகள் ரத்தச் சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியபோது விழித்திரைப் பாதிப்பு புதிதாகத் தொடங்குவது 76 சதவீதம் குறைந்தது.

குழாய்கள் கெட்ட பிறகு இருட்டு இன்னொரு சுமை ஆகிறது. இரவில் குச்சி செல்கள் ஆக்சிஜனை அப்படி உறிஞ்சுவதால், அவற்றின் இடுப்புப் பகுதியில் ஆக்சிஜன் அளவு ஏறக்குறைய பூஜ்யத்தைத் தொடும். லண்டனில் ஜெஃப்ரி ஆர்டன் என்ற விஞ்ஞானிக்கு இதிலிருந்து ஒரு யோசனை பிறந்தது. மூடிய இமை வழியாக மெல்லிய வெளிச்சம் பாய்ச்சினால், குச்சிகள் கத்துவதை நிறுத்தும், ஆக்சிஜன் மிஞ்சும், விழித்திரை தப்பிக்கும். கணக்கு கச்சிதமாகத்தான் இருந்தது. விளக்கு பொருத்திய தூக்க முகமூடி செய்தார்கள். பிரிட்டனில் 15 மருத்துவமனைகளில் 308 நோயாளிகளிடம் இரண்டு ஆண்டுகள் சோதித்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். விளக்குள்ள முகமூடி போட்டவர்களுக்கும் விளக்கில்லாத போலி முகமூடி போட்டவர்களுக்கும் விழித்திரை வீக்கத்தில் வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வில் பலர் அதை ஒழுங்காகப் போட்டுக்கொள்ளவும் இல்லை. போகப் போக முகமூடி மேசை இழுப்பறைக்குப் போய்விட்டது; அவர்கள் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் தூங்கினார்கள்.